அசைக் கணக்கு

பிப்ரவரி. கியூருவேசி. மைனஸ் இருபத்தாறு.
தொழுவக் கதவைத் திறந்தால்
அறுபத்திரண்டு மூச்சுகளின் வெள்ளைப் புகை
முகத்தில் வந்து மோதும்.

நான் மாற்றாள்.
பண்ணைக்காரர் படுத்துக்கொண்டால், பயணம் போனால்
நகராட்சி அனுப்பிவைக்கும் இரண்டு கை.
மர்யுக்கா புது இடுப்பெலும்போடு
குவோபியோ மருத்துவமனையில் இருக்கிறாள்.
இங்கே அவள் தம்பி தைஸ்தோ.
சுவரில் ஒட்டிய தீவன அட்டையில்
அக்காவின் எண்களை அடித்துவிட்டு
அவர் எழுதியிருந்தார்:
பார்லி, பதினொரு கிலோ.
ரேப்சீட் பிண்ணாக்கு, கோடு.
"விலையைப் பார்த்தாயா?" என்றார்.
"பாலையும் பார். ஏறியிருக்கிறது."

ஏறித்தான் இருந்தது.
தானியம் கடன் மாதிரி.
முதலில் கையில் காசாக வரும்.

நான் தொட்டியைப் பார்க்கவில்லை,
வாய்களைப் பார்த்தேன்.
மதியம் இரண்டு மணி.
வயிறு நிறைந்த மாடுகள் படுத்து
மென்றதை மீண்டும் மெல்லும் நேரம்.
தொழுவம் அமைதியாக இருந்தது.
அப்படி இருக்கக் கூடாது.

ஹெலுனா முன் குந்தி உட்கார்ந்து எண்ணினேன்.
ஒரு கவளம் தொண்டையில் ஏறி வந்தது.
முப்பத்தாறு, முப்பத்தேழு,
முப்பத்தெட்டில் விழுங்கிவிட்டாள்.
அறுபது வேண்டும்.
அடுத்த கவளம் வரவேயில்லை.

அசை குறைந்தால் சீர் கெடும்.
சீர் கெட்டால் அடி தடுமாறும்.
தடுமாறியது.
கறவைக்கு எழுந்து வரும்போது
பின்னங்காலைச்
சுடுதரையில் வைப்பதுபோல் வைத்தாள்.

சாணியைச் சல்லடையில் அலசினேன்.
முழுமுழுப் பார்லி.
பெரிய வயிறு படிக்காமல்
பக்கம் பக்கமாகத் திருப்பிவிட்ட எழுத்துகள்.

வியாழன் அன்று பால் லாரி ஓட்டுநர்
சீட்டைக் கொடுத்தார்.
கொழுப்பு மூன்று புள்ளி ஐந்து.
போன மாதம் நான்கு புள்ளி நான்கு.
யூரியா பதினான்கு.
மாவு குவிந்து கிடக்கிறது,
அதை உடலாக்கப் புரதம் இல்லை.
விறகு மலைபோல், சட்டியில் அரிசி இல்லை.

தைஸ்தோ சீட்டைச் சட்டைப்பையில் மடித்து வைத்தார்.
காபி ஊற்றினார். எனக்கு ஊற்ற மறந்தார்.

இரவில் மர்யுக்கா அழைத்தாள்.
மயக்க மருந்தின் மிச்சம் நாக்கில் இருந்தது.
இடுப்பைப் பற்றி நான் கேட்கவில்லை,
லிட்டரைப் பற்றி அவள் கேட்கவில்லை.
"மெல்லுகிறார்களா?"
"இல்லை."
கொஞ்ச நேரம் கம்பியில் பனி மட்டும் இரைந்தது.
"அவனிடம் கொடு."

என்ன பேசினார்கள் என்று தெரியாது.
காலையில் அட்டையில் மூன்றாவது மை:
பார்லி எட்டு. பிண்ணாக்கு மூன்று.
புல் முதலில், வயிறு கேட்கிற அளவு.
அந்த மஞ்சள் பிண்ணாக்கின் கடுகு வாசம்
தொழுவத்தில் ஏறியதும்
முஸ்திக்கி தலையைத் தூக்கினாள்.

பால் இறங்கியது.
நான்கு நாள், ஐந்து நாள் இறங்கியது.
தைஸ்தோ என்னோடு பேசுவதை நிறுத்தினார்.
ரசீதைக் குளிர்பெட்டிக் கதவில்
காந்தத்தில் மாட்டிவைத்தார்,
நான் வெண்ணெய் எடுக்கும்போதெல்லாம் படிக்கும்படி.

ஒன்பதாம் நாள் சாணி கெட்டிப்பட்டது.
பன்னிரண்டாம் நாள் யூரியா இருபத்திரண்டு.
கொழுப்பு நான்கைத் தொட்டது, தாண்டவில்லை.
லிட்டர்?
பழைய உச்சிக்கு அது திரும்பவே இல்லை.
அந்த உச்சி யாரிடமிருந்து எடுத்தது என்று
ஹெலுனாவின் குளம்புக்குத் தெரியும்.
புதன்கிழமை அவளைக் கொண்டுபோக
வேறொரு லாரி வந்தது.
பலகையில் அவள் ஏறவே
பத்து நிமிடம் ஆயிற்று.
கயிற்றை தைஸ்தோதான் பிடித்திருந்தார்.
இழுக்கவில்லை.

கடைசி நாள் மாலை என் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தேன்.
உள்ளே, படுத்த மாடுகளின் வரிசையில்
ஈரத் தாடைகள் அரைக்கும் ஒலி,
ஒன்று ஓய ஒன்று தொடங்க.
தைஸ்தோ முஸ்திக்கி முன்
கவிழ்த்த வாளியில் உட்கார்ந்திருந்தார்,
உதடு மட்டும் அசைந்தது.
திரும்பிப் பார்க்காமல் கேட்டார்:

"அறுபது என்றால்,
விழுங்குவதையும் சேர்த்தா?"